கழுத்தில்லாத உருவப்படங்கள்

டர்ட்டில்நெக் அணிந்த ஆண்களின் உருவப்படங்களில் ஏதோ ஒன்று என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. எழுத்தாளர், தத்துவவாதி, பாடகர், நடிகர், கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் என்று யாருடைய படமாக இருந்தாலும் அதில் ஒரே காரியம்தான் நடக்கிறது. தாடையை ஒட்டி ஒரு கம்பளி வளையம் எழும்பி நிற்கிறது. அதற்கு மேல் முகம். அதற்குக் கீழே மடிப்போ பொத்தானோ பையோ இல்லாத ஒரே நிறப் பரப்பு. பின்னணியும் கறுப்பாக இருந்துவிட்டால் உடம்பு அதில் கரைந்துபோய்த் தலை மட்டும் மிதக்கிறது. பார்க்க அழகாக இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆண்களின் அன்றாட உடைகளில் இவ்வளவு குறைந்த கோடுகளால் ஆனது வேறொன்று எனக்குத் தெரிந்து இல்லை. நூறு ஆண்டுகளில் கால்சட்டையின் அகலமும் கோட்டின் தோளும் எத்தனையோ முறை மாறிவிட்டன. இது ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. 1920களின் புகைப்படத்தில் இருக்கும் ஒருவரை அந்த ஸ்வெட்டரோடு இன்றைய லண்டன் தெருவில் நடக்கவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். என் உறுத்தல் அந்த அழகு கேட்கும் விலையைப் பற்றியது. அது கழுத்தைக் கேட்கிறது. கழுத்தோடு சேர்த்து உடம்பையும் கேட்கிறது. ஒருவனைச் சிந்திக்கிறவனாகக் காட்ட வேண்டுமென்றால் அவன் உடம்பை ஏன் எடுத்துவிட வேண்டியிருக்கிறது?

முகத்தைக் கட்டுப்படுத்த எல்லோரும் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறோம். கழுத்தைக் கட்டுப்படுத்த யாரும் கற்பதில்லை. பயந்தால் எச்சில் விழுங்குகிறோம். தொண்டைமணி ஏறி இறங்குகிறது. கோபத்தில் நரம்பு புடைக்கிறது. ஒரு பொய்யைச் சொல்லி முடித்ததும் தொண்டை வறண்டு, அந்த வறட்சி வெளியே தெரிகிறது. வயது முதலில் தன் கணக்கை எழுதுவதும் அங்கேதான். தலைமுடிக்குச் சாயம் பூசியவரின் கழுத்தைப் பார்த்தால் தோல் தளர்ந்து, முன்னால் இரண்டு தசைநார்கள் துருத்திக்கொண்டு, அவருடைய உண்மையான வயதைச் சொல்லிவிடும். சட்டைக் காலர் இதையெல்லாம் ஒரு முக்கோணத்தில் திறந்து வைக்கிறது. டை அந்த முக்கோணத்தை அடைத்தாலும், முடிச்சைக் கட்டி ‘இங்கேதான் கழுத்து’ என்று காட்டவும் செய்கிறது. நம் ஊரில் ஆணின் கழுத்து எப்போதும் எதையாவது தாங்கிக்கொண்டே இருக்கும். ருத்திராட்சம், சிலுவை, தாயத்துக் கயிறு, மைனர் செயின், தோளிலிருந்து சரியும் துண்டு, மேடையில் விழும் மாலை. ஆலகாலத்தை விழுங்கிய சிவனை நாம் நினைவில் வைத்திருப்பதே நீலம் பாரித்த அந்தக் கழுத்தால்தான். பட்ட வேதனை வெளியே தெரிய வேண்டிய இடம் கழுத்து என்று அந்தக் கதையைச் சொன்னவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. டர்ட்டில்நெக் மூடுவது இந்த இடத்தை.

யூசுஃப் கார்ஷ் 1957இல் எடுத்த எழுத்தாளர் ஹெமிங்வேயின் படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். வெள்ளைத் தாடி, பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சம், கேமராவைப் பார்க்காமல் சற்றுத் தள்ளி எதையோ பார்க்கும் கண்கள், தாடிக்குக் கீழே கயிறுபோல் தடித்த பின்னலோடு மடிந்து நிற்கும் ஸ்வெட்டர் கழுத்து. கடலிலிருந்து இப்போதுதான் கரையேறிய மாலுமி என்று நினைக்கத் தோன்றும். படம் எடுக்கப்பட்டது ஹவானாவுக்கு வெளியே, ஃபிங்கா விஹியா என்ற அவருடைய பண்ணை வீட்டில். ஹவானா கடக ரேகைக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் ஊர். மாமரமும் தென்னையும் வளரும் ஊர். அவ்வளவு கனத்த கம்பளி தேவைப்படும் குளிர் அங்கே அபூர்வம். ஆக அந்த ஸ்வெட்டர் வானிலைக்காக அணியப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், 1954 ஜனவரியில், ஆப்பிரிக்காவில் அடுத்தடுத்து இரண்டு விமான விபத்துகளில் ஹெமிங்வே சிக்கினார். மண்டையோடு, முதுகெலும்பு, கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் எல்லாவற்றிலும் அடி, தீக்காயம் வேறு. அந்த ஆண்டு கிடைத்த நோபல் பரிசை நேரில் வாங்க அவரால் ஸ்டாக்ஹோம் போக முடியவில்லை. கார்ஷ் கேமராவோடு வந்து நின்றபோதும் வலி இருந்தது. தான் படமெடுத்தவர்களிலேயே மிகவும் கூச்ச சுபாவம் உடையவர் ஹெமிங்வேதான் என்று கார்ஷ் பிற்பாடு எழுதினார். மீன்பிடிப்பதையும் வேட்டையையும் குத்துச்சண்டையையும் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதிய மனிதர், உடம்பைத் தன் எழுத்தின் மூலதனமாக வைத்திருந்த மனிதர், அந்த உடம்பு உடைந்துபோன பிறகு ஒரு கம்பளிக் கூட்டுக்குள் தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 1961 ஜூலையில் அவர் இறந்தார். உலகம் நினைவில் வைத்துக்கொண்டதோ அந்தத் தலையை.

நம் ஊர் ஸ்டுடியோக்களில் ஒரு காலத்தில் ஆணியில் ஒரு கோட்டும் ஒரு டையும் தொங்கிக்கொண்டிருக்கும். படமெடுக்க வருகிறவர் வேட்டியோடு வந்தாலும் இடுப்புக்கு மேலே அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு உட்காரலாம். யாருடைய அளவுக்கும் தைக்காத கோட்டு, எல்லோருடைய வியர்வையும் காய்ந்த கோட்டு. அது சொன்ன பொய் வெளிப்படையானது. பார்க்கிற எல்லோருக்கும் அது ஸ்டுடியோ கோட்டு என்று தெரியும். டர்ட்டில்நெக் அப்படித் தெரியவிடுவதில்லை. எந்த அலங்காரமும் செய்துகொள்ளாதவர் என்ற தோற்றத்தைத் தருவதுதான் அதன் அலங்காரம். 1963 நவம்பர் 22இல் வெளிவந்த ‘வித் தி பீட்டில்ஸ்’ இசைத்தட்டின் உறையை எடுத்துக்கொள்ளலாம். ராபர்ட் ஃப்ரீமன் என்ற இளம் புகைப்படக்காரர் போர்ன்மவுத்தில் ஒரு ஹோட்டலில் எடுத்தது. கறுப்பு டர்ட்டில்நெக், பின்னால் இருண்ட திரை, ஒரு பக்கத்து ஜன்னல் வெளிச்சம். நான்கு முகங்களும் பாதி வெளிச்சத்தில், பாதி இருட்டில். மூன்று பேர் வரிசையாக மேலே, ரிங்கோ மட்டும் வலது ஓரத்தில் கீழே. சில ஆண்டுகளுக்கு முன் ஹாம்பர்க்கில் அவர்களுடைய தோழி ஆஸ்ட்ரிட் கிர்ஷ்ஹெர் எடுத்த படங்களைப் பார்த்துத்தான் அந்தப் பாதி வெளிச்சத்தைக் கேட்டு வாங்கினார்கள். அதுவரை பாப் இசைக்காரர்களின் உறைகளில் பல் தெரியச் சிரிப்பு இருக்கும், கிதார் இருக்கும், பளபளக்கும் கோட்டு இருக்கும். இந்த உறையில் கிதாரும் இல்லை, கிதார் வாசிக்கும் கைகளும் இல்லை. ஹாம்பர்க் மது விடுதிகளில் இரவு முழுக்க வாசித்து விரல் காய்த்துப்போன லிவர்பூல் பையன்கள், ஓர் உடையால் நான்கு தலைகளாக மாறிவிட்டார்கள். அந்த உறையை நான் மிகவும் நேசிக்கிறேன். கைகள் இல்லாமல் போனது அதற்குப் பிறகுதான் மனதில் பட்டு உறுத்துகிறது.

இந்த உடை வந்த வழியைப் பார்த்தால் உறுத்தல் இன்னும் கூடுகிறது. அங்கே தலைக்கு எந்த முக்கியத்துவமும் இல்லை. பிரிட்டனின் கரையோர ஊர்களில் மீனவர்கள் அணிந்த கான்சி என்ற ஸ்வெட்டரை அருகில் வைத்துப் பார்த்தால், வேலை செய்யும் உடம்புக்கு என்னென்ன வேண்டும் என்று தெரிந்த பெண்கள் பின்னியது என்பது புரியும். இறுக முறுக்கிய ஐந்து இழை நூல். காற்றுப் புகாதபடி நெருக்கமான பின்னல். இரண்டு முனையும் கூரான ஊசிகளில் வட்டமாகவே பின்னிக்கொண்டு போவதால் பக்கவாட்டில் தையல் கிடையாது. வலை இழுக்கக் கையைத் தூக்கும்போது இழுத்துப் பிடிக்காமல் இருக்க அக்குளில் ஒரு சாய்சதுரத் துண்டு. முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றேபோல் இருக்கும். ஒரு பக்கம் தேய்ந்தால் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். கையைத் தோளில் தொடங்கி மணிக்கட்டு நோக்கிப் பின்னுவார்கள், நுனி நைந்தால் அந்த இடத்தை மட்டும் பிரித்து மறுபடி பின்னிக்கொள்ள வசதியாக. மணிக்கட்டு வருவதற்குச் சற்று முன்பே கை முடிந்துவிடும், நனைந்த விளிம்பு தோலை அறுக்காமல் இருக்க. கழுத்து மட்டும் குட்டையாக, தொண்டையை ஒட்டி நிற்கும். அந்தக் கழுத்து நீண்டு இரண்டாக மடிந்திருப்பதைக் கடற்படையில் பார்க்கலாம். இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல்காரர்கள் அணிந்த கனத்த வெள்ளை ஸ்வெட்டரில், ஆட்டுரோமத்தின் எண்ணெய்ப்பசை முழுக்கப் போகாத கம்பளியில், கழுத்து காதுவரை ஏறும். நீர்மூழ்கியின் உள்சுவரில் மூச்சுக்காற்று நீராகிச் சொட்டும். குளிக்கத் தண்ணீர் கிடையாது. கழற்றாமலே தூங்கி, கழற்றாமலே எழுந்து வேலைக்குப் போனார்கள். டீசல் வாடையும் எண்ணெய்க் கறையும் ஏறிய அந்த ஸ்வெட்டருக்குள் இருந்தவனுடைய முகம் யாருக்கும் தேவைப்படவில்லை. அவன் கை தேவைப்பட்டது, காது தேவைப்பட்டது, அவனுக்குச் சளி பிடிக்காமல் இருப்பது தேவைப்பட்டது.

அங்கிருந்து மேடைக்கும் காப்பிக் கடைக்கும் வந்த பாதை எளிதாகச் சொல்லிவிடக்கூடியதுதான். 1924இல் லண்டனில் ‘தி வோர்ட்டெக்ஸ்’ நாடகத்தால் புகழ்பெற்ற நோயல் கவர்ட் நிறநிறமான டர்ட்டில்நெக்குகளை அணியத் தொடங்கினார், நகரத்து இளைஞர்கள் அவரைப் பின்பற்றினார்கள். வசதியாக இருக்கிறது என்பதற்காக அணிந்ததாகவே கவர்ட் தன் சுயசரிதையில் சொல்கிறார். அதை நான் நம்புகிறேன். கஞ்சி போட்ட காலரில் ஒருநாள் முழுக்கக் கழுத்தை வைத்திருந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட விடுதலை என்று யோசித்துப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பாரிஸில் அந்த வசதி ஒரு கொள்கையின் தோற்றத்தைப் பெற்றது. டை கட்டாதவன் முதலாளியின் முன்னால் நிற்காதவன், அலுவலகத்துக்குப் போகாதவன், ஆகவே சொந்தமாக யோசிக்கிறவன் என்று ஒரு சங்கிலி உருவாயிற்று. அதில் எனக்கு மிகவும் விளங்காத கண்ணி தத்துவவாதி மிஷல் ஃபூக்கோ. மழித்த தலை, தடித்த கண்ணாடி, வெள்ளை டர்ட்டில்நெக். அவருடைய பெயரைக் கேட்டதும் மனதில் வருவது இந்த மூன்றும்தான். உடம்பின் மேல் அதிகாரம் எப்படி எழுதப்படுகிறது என்பதை அவரைப் போல் விடாமல் யோசித்தவர்கள் அந்தத் தலைமுறையில் குறைவு. 1975இல் வந்த அவருடைய தண்டனை பற்றிய நூல், 1757இல் தாமியன் என்ற மனிதனின் உடம்பைப் பாரிஸில் பொதுமக்கள் முன்னால் பிய்த்தெறிந்த காட்சியோடு தொடங்குகிறது. அதை எழுதியவர் படங்களில் உடம்பே இல்லாதவராக, ஒரு வெள்ளைப் பீடத்தின் மேல் வைத்த தலையாக இருக்கிறார். அது அவருடைய தேர்வா, கேமராவின் தேர்வா, பார்க்கிற நம்முடைய தேர்வா என்று எத்தனை யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

கேமராவின் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று சில சமயம் தோன்றுகிறது. அசைகிற உடம்பில் இந்த ஸ்வெட்டர் வேறு மாதிரி இருக்கிறது. 1968இல் வந்த ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் கருநீல டர்ட்டில்நெக்கின் மேல் பழுப்புக் கோட்டும் தோளில் துப்பாக்கி உறையுமாக வருவார். அவர் ஓடுகிறார், குனிகிறார், காரை வளைக்கிறார். கம்பளி அந்த அசைவுகளோடு சேர்ந்து நீண்டு சுருங்குகிறது. உடம்பு எங்கும் காணாமல் போவதில்லை. 1966இல் அமெரிக்காவின் ஓக்லாந்தில் ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் தொடங்கிய பிளாக் பாந்தர் என்ற கறுப்பினத்தவர் கட்சியைச் சேர்ந்தவர்களின் படங்களும் என் வாதத்துக்குள் அடங்க மறுக்கின்றன. கறுப்புத் தோல் ஜாக்கெட், கறுப்பு பெரே தொப்பி, பலருக்கு உள்ளே கறுப்பு டர்ட்டில்நெக். அவை நின்ற நிலையில் எடுத்த படங்கள்தான். ஆனாலும் அங்கே உடம்பு மறையவில்லை. தோளோடு தோள் சேர்ந்து வரிசையாகி இன்னும் பெரிதாகத் தெரிகிறது. தெருவில் போலீஸ் நிறுத்திச் சோதித்த உடம்புகள் அவை. கழுத்தில் பிடித்து இழுக்க டையோ காலரோ இல்லாமல், கலைக்க ஒரு மடிப்புகூட இல்லாமல் அவை நிற்கின்றன. தலையை மட்டும் காட்டுவதற்காக அணிந்த உடையாக அதை என்னால் பார்க்க முடியவில்லை. எந்த உடம்பு ஆபத்தில் இருக்கிறதோ அந்த உடம்பில் ஏறும்போது டர்ட்டில்நெக் மறுபடியும் மாலுமியின் உடையாகிவிடுகிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

ஸ்டீவ் ஜாப்ஸின் கறுப்பு ஸ்வெட்டரைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். தினமும் என்ன உடுப்பது என்று யோசிக்கும் சுமை அவருக்கு இல்லை என்று மெச்சிக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கதையில் முக்கியமாகப் படுவது வேறு. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் சோனி ஊழியர்கள் சீருடையில் இருப்பதைப் பார்த்த ஜாப்ஸ், சோனியின் தலைவர் அகியோ மோரிட்டாவிடம் காரணம் கேட்டார். போருக்குப் பிறகு யாரிடமும் உடை இல்லை, நிறுவனமே கொடுக்க வேண்டியிருந்தது என்று மோரிட்டா சொன்னதாக வால்டர் ஐசக்ஸன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. அந்தச் சீருடையை வடிவமைத்த இஸ்ஸே மியாகே ஹிரோஷிமாவில் பிறந்தவர். 1945இல் குண்டு விழுந்தபோது அவருக்கு ஏழு வயது. கதிர்வீச்சால் அடுத்த சில ஆண்டுகளில் தாயை இழந்தார். உடம்புக்கும் துணிக்கும் இடையில் இருக்கும் வெளியைப் பற்றியே வாழ்நாள் முழுக்க யோசித்த கலைஞர் அவர். ஜாப்ஸ் அவரிடம் ஆப்பிள் ஊழியர்களுக்கு ஓர் உடை செய்யச் சொன்னார். ஊழியர்கள் கூச்சலிட்டு மறுத்தார்கள். பிறகு தனக்கு மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டதுதான் மடிப்பில்லாத குட்டைக் கழுத்து வைத்த அந்தக் கறுப்பு ஸ்வெட்டர். மேடையின் கறுப்பில் ஸ்வெட்டரின் கறுப்பு கலந்து, ஒரு முகமும் இரண்டு கைகளும் அந்தக் கைகளில் ஒரு பொருளும் மட்டும் தெரியும். அவர் உடம்பு இல்லாமல் போக வேண்டும் என்பதற்காகவே எல்லாம் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. நடந்ததோ நேர்மாறு. 2004இல் கணையக் கட்டிக்கு அறுவை சிகிச்சை நடந்த பிறகு அதே ஸ்வெட்டர் ஆண்டுக்கு ஆண்டு தளர்ந்துகொண்டே வந்தது. 2008 ஜூனில் மேடையேறியபோது அவர் எவ்வளவு மெலிந்துவிட்டார் என்று ஊரே பேசியது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு சட்டை போட்டிருந்தால் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்காது. மாறாத உடைதான் மாறுகிற உடம்பை அளந்து காட்டியது. தோளில் தொங்கும் மடிப்புகளைப் பார்த்து அவருடைய ஆயுளைக் கணக்குப் போட்டார்கள், பங்குச்சந்தையில்கூட. 2009இல் கல்லீரல் மாற்று சிகிச்சை, 2011 அக்டோபர் 5இல் மரணம். அவரைப் பார்த்து அதே கறுப்புக் கழுத்தை மாட்டிக்கொண்ட எலிசபெத் ஹோம்ஸ், விரல் நுனியில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் எல்லாப் பரிசோதனையும் செய்துவிடலாம் என்று சொல்லி முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்காக 2022இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். உடம்பைப் பற்றிய தொழிலில் உடம்பைப் பொருட்படுத்தாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் இதெல்லாம் வெளியே இருந்து பார்க்கிறவனின் பேச்சு. உள்ளே இருக்கிறவனுக்கு டர்ட்டில்நெக் முழுக்க உடம்புதான். அதை மாட்டும்போது ஒரு கணம் உலகம் இருண்டுபோகிறது. கம்பளியின் மணமும் அந்துருண்டையின் மணமும் மூக்கில் ஏறுகின்றன. காது மடங்கி விடுபடுகிறது. தலைமுடி சிலிர்த்துக்கொண்டு வெளியே வருகிறது. சவரம் செய்து இரண்டு நாளானால் தாடியின் முள் கம்பளியில் மாட்டிக்கொண்டு தலையைத் திருப்பும்போதெல்லாம் மெல்லிய சத்தம் கேட்கும். மூச்சின் ஈரம் மடிப்பின் மேல் விளிம்பில் தங்கும். பேசும்போது தன் தொண்டை அசைவதைத் தானே உணர முடியும். வெளியே யாருக்கும் தெரியாமல் போன எச்சில் விழுங்கல் உள்ளே இருப்பவனுக்கு இரண்டு மடங்காகத் தெரியும். ஆட்டுரோமம் மனிதத் தோலோடு பேசும் விதம் அதன் தடிமனைப் பொறுத்தது. முப்பது மைக்ரானுக்கு மேல் தடித்த இழையின் முனை வளையாமல் தோலைக் குத்துகிறது. நல்ல மெரினோவில் இருபதுக்கும் குறைவு என்பதால் அது வளைந்துகொடுக்கிறது. உடம்பில் வேறெங்கும் தாங்கிக்கொள்ளக்கூடிய கம்பளியைக் கழுத்து தாங்காது. கழுத்துப் பட்டையை ரிப் பின்னலில் போடுவது, ஒரு கண்ணி முன்னும் ஒரு கண்ணி பின்னுமாக மாறி மாறி வந்து பக்கவாட்டில் நீண்டு தலைக்கு வழிவிட்டு மறுபடி சுருங்கிக்கொள்ளத்தான். அந்தச் சுருங்கும் சக்திதான் ஸ்வெட்டரின் உயிர். கொடியில் தொங்கவிட்டு உலர்த்தினால் ஈரத்தின் கனத்தில் அது செத்துவிடும். துண்டில் சுருட்டிப் பிழிந்து, தட்டையாக விரித்துப் போட வேண்டும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததுபோல் இருக்காது. அன்றாட உடையாக இது இத்தனை காலம் நின்றதற்கு இப்படிப்பட்ட காரணங்கள் போதும். இஸ்திரி வேண்டாம், மஃப்ளர் வேண்டாம், மெல்லியதாக இருந்தால் கோட்டுக்கு உள்ளே போகும், தடித்ததாக இருந்தால் கோட்டே வேண்டாம்.

நீலகிரியில் இருக்கிறவர்களுக்கு ஸ்வெட்டர் அலமாரியில் வைத்து விசேஷத்துக்கு எடுக்கும் பொருள் கிடையாது. மார்கழி விடியலில் புல்லின் மேல் பனி வெள்ளையாக உறைந்திருக்கும்போது, கழுவிய கேரட் மூட்டைகளை லாரியில் ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தலையில் குல்லா, தோளில் சாக்கு, காலில் ரப்பர் செருப்பு. மஃப்ளர் கட்டியவர் குனியும்போதெல்லாம் அதன் நுனி முன்னால் விழுந்து மூட்டைக்கு அடியில் சிக்கும். அதை எடுத்துப் பின்னால் எறிந்துவிட்டு மறுபடி குனிவார். டர்ட்டில்நெக்கை நம் ஊரில் ஹைநெக் என்பார்கள், அதைப் போட்டவருக்கு அந்தத் தொல்லை இல்லை. மடிப்பைப் பிரித்து மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சாக்குத் தூசியும் குளிர்காற்றும் உள்ளே போகாமல் வேலை பார்க்கிறார். வெயில் ஏறியதும் மடித்துக் கீழே தள்ளிவிடுகிறார். அவர் போட்டிருப்பது லூதியானாவில் இயந்திரத்தில் பின்னி, ஊட்டியில் தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் திபெத்தியர்களின் கடை வரிசையில் விற்ற அக்ரிலிக் ஸ்வெட்டராக இருக்கலாம், யாரோ போட்டுக் கழித்ததாகவும் இருக்கலாம். கம்பளியே அதில் இல்லாமல் போகலாம். மார்பில் சிறுசிறு நூல் உருண்டைகள், சாக்கு உரசி உரசித் தோளில் ஒரு பளபளப்பு, கழுத்து மடிப்பின் உள்ளே வியர்வையின் பழுப்புக் கோடு. ஹிமாலயத்தைத் தாண்டி ஓடிவந்தவர்கள் நீலகிரிக்காரர்களுக்குக் குளிர் உடை விற்கிறார்கள், அதைப் போட்டுக்கொண்டவர் மேட்டுப்பாளையத்துக்குக் கேரட் அனுப்புகிறார். அவரை யாரும் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்காரவைத்துப் படமெடுக்கப் போவதில்லை. எடுத்தாலும் அவரைத் தலையாக மட்டும் காட்ட முடியாது. அந்தத் தோளின் பளபளப்பைக் கேமராவால் மறைக்க முடியாது. கான்சி பின்னிய பெண்கள் மனதில் வைத்திருந்த மனிதர் இவர்தான் என்று எனக்குப் படுகிறது. ஹெமிங்வேயும் ஜாப்ஸும் அணிந்ததைவிட இவர் அணிந்திருப்பது அந்த உடைக்கு நெருக்கமானது.

அதற்காக, உடல் உழைப்பாளிகள் மட்டும்தான் இதை அணிய வேண்டும் என்று சொல்ல வரவில்லை. யோசிப்பதும் உடம்பின் வேலைதான். குளிரில் யோசிக்கிறவனுக்கும் கழுத்து குளிரும். ஹெமிங்வேயின் முதுகு வலித்தது உண்மை, அவருக்குக் கூச்சமாக இருந்ததும் உண்மை, ஒரு கனத்த கம்பளி அவருக்குள்ளே ஏதோ ஒரு நடுக்கத்தை நிறுத்தியிருந்தால் அதைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் மறுப்பது அந்தப் படங்கள் நமக்குக் கற்பித்ததை. உடம்பை மூடிவிட்டால் அறிவு தெரியும், கழுத்தை எடுத்துவிட்டால் தலைக்கு மதிப்புக் கூடும் என்று அவை கற்பித்தன. சென்னையின் ஏசி அறைகளில் அந்தக் கறுப்புக் கழுத்தை மாட்டிக்கொண்டு மேடையேறும் இளைஞர்களைப் பார்க்கும்போது அவர்கள் கற்றுக்கொண்டது அந்தப் பாடத்தை என்றுதான் வருத்தமாக இருக்கிறது. வெளியே முப்பத்தைந்து டிகிரி. அவர்களுக்குக் கழுத்து இருக்கிறது, அதில் வியர்க்கிறது, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. டர்ட்டில்நெக் நல்ல உடை. குளிர்கிற ஊரில் இருக்கும் ஆண் தினமும் போட்டுக்கொள்ள அதைவிட நேர்மையான உடை குறைவு. குளிர்கிறது என்பதற்காக வாங்குங்கள். வாங்கினால் முழங்கை நைந்துபோகும்வரை போடுங்கள், நைந்தால் ஒட்டுப்போட்டுப் போடுங்கள். கடையில் மாட்டிப் பார்க்கும்போது கண்ணாடியில் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு கைகளையும் உயர்த்துங்கள், குனிந்து நிமிருங்கள், ஒருமுறை எச்சில் விழுங்கிப் பாருங்கள். எங்கேயும் பிடிக்காமல், தொண்டையை அழுத்தாமல் இருந்தால் அது உங்கள் ஸ்வெட்டர்.